உடைந்த முன்பல்லுக்குக் காம்போசிட் ஒட்டு: எனாமலை இழக்காமல் செய்யும் சீரமைப்பு

பள்ளி மைதானத்தில் விழுந்தோ, சைக்கிள் கைப்பிடியில் முகம் மோதியோ மேல் முன்பல்லின் மூலை உடைந்து பல் மருத்துவரிடம் வருபவர்களில் பலர், அந்தப் பல் முளைத்துச் சில ஆண்டுகளே ஆன பிள்ளைகள். நிரந்தர மேல் முன்பற்கள் 7, 8 வயதில்தான் வெளிவருகின்றன. வேர் முழுதாக வளர்ந்து முடிய மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். உள்ளே நரம்பும் இரத்த நாளமும் நிறைந்த பல்கூழ் அந்த வயதில் பெரிதாக, மேற்பரப்புக்கு நெருக்கமாக இருக்கும். உடைந்த பல்லைப் பார்த்துப் பதறும் பெற்றோர் முதலில் கேட்பது, "கேப் போட்டுவிடலாமா, டாக்டர்?" என்பதுதான். பல்லுக்கு உறை போடுவதே முழுமையான, நிலையான தீர்வு என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் உறை பொருந்த வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் செதுக்கியாக வேண்டும். அந்தச் செதுக்கலில், வெளியே தெரியும் பல்லின் பொருளில் பாதிக்கும் மேல் போய்விடும். விபத்து எடுத்துச் சென்றது ஒரு மூலையை மட்டுமே. அதைச் சரிசெய்வதற்காக நாம் எடுப்பது அதைவிடப் பல மடங்கு. பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் பிசினைப் பல்லின்மீது நேரடியாக ஒட்டி வடிவம் கொடுக்கும் பாண்டிங் முறை, இந்த இழப்பைத் தவிர்ப்பதற்காகவே முதலில் எண்ணிப் பார்க்கப்பட வேண்டியது.

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் எனாமல் மனித உடலின் மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். பெரும்பகுதி ஹைட்ராக்சிஅபடைட் எனப்படும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள். அதை உருவாக்கிய செல்கள் பல் ஈறுக்கு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. முறிந்த எலும்பு கூடும்; உடைந்த எனாமல் கூடாது. பல் மருத்துவத்தில் எனாமலைச் செதுக்கும் எந்த முடிவும் திரும்பப் பெற முடியாத முடிவு என்பதை, சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் ஒவ்வொருவரும் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

எந்த நேரமும் உமிழ்நீரில் நனைந்திருக்கும் வழுவழுப்பான பல்லின்மீது ஒரு பொருளை எப்படி நிலையாக ஒட்டுவது என்பது நெடுங்காலம் விடை கிடைக்காத கேள்வியாகவே இருந்தது. பழைய அடைப்புகள் ஒட்டிக்கொள்வதில்லை; அவை பிடித்து நிற்பதற்காக உள்ளே அகன்றும் வாயில் குறுகியும் குழி தோண்ட வேண்டியிருந்தது. அதற்காக நல்ல பல்லையும் வெட்டினார்கள். இந்த நிலையை மாற்றிய ஆய்வுக் கட்டுரையை 1955-ல் வெளியிட்டவர், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவோனகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தைப் பூசும் வழக்கம் அப்போது இருந்தது. அதையே பல்லில் செய்து பார்த்தால் என்ன என்று அவர் எண்ணினார். 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி எனாமலில் வைத்துக் கழுவிவிட்டு, அதன்மீது அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் பிசினை வைத்துப் பார்த்தார். அமிலம் படாத பல்லில் சில மணி நேரத்தில் பெயர்ந்துவிட்ட அக்ரிலிக், அமிலம் பட்ட பல்லில் வாரக்கணக்கில் நின்றது.

நடந்தது இதுதான்: அமிலம் எனாமல் படிகங்களின் முனைகளைச் சீரற்று அரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. நீர்த்த பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கி இறுகும்போது, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஓரிரு பங்கு நீளமே உள்ள எண்ணற்ற வேர்களை விடுகிறது. ஒட்டைத் தாங்குபவை அந்த வேர்களே. இன்று அமிலத்தின் அடர்த்தி 37 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருக்கிறது. வைத்திருக்கும் நேரமும் 15 முதல் 30 விநாடியாகியிருக்கிறது. முறையின் அடிப்படை மட்டும் புவோனகோர் கண்டதேதான்.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு உடனே நடைமுறைக்கு வரவில்லை. ஒட்டும் வழி தெரிந்தும், ஒட்டத் தகுந்த பொருள் இல்லை. அன்றைய அக்ரிலிக் சுருங்கியது, தேய்ந்தது, மஞ்சளித்தது. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன், பிஸ்-ஜிஎம்ஏ என்ற புதிய பிசின் மூலக்கூறுக்கு 1962-ல் காப்புரிமை பெற்றார். அதனுடன் சிலிக்காத் துகள்களைக் கலந்து, பிசினும் துகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி துகளின் மேற்பரப்பைச் சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருளால் பக்குவப்படுத்தினார். பிசின், துகள், இவ்விரண்டுக்கும் இடையிலான பிணைப்பு என்ற இந்த மூன்றும் சேர்ந்ததே காம்போசிட். தொடக்கத்தில் இரண்டு களிம்புகளைக் குழைத்துப் பூச வேண்டும். குழைத்ததும் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் மருத்துவர் அவசரப்பட வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் புற ஊதாக் கதிராலும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாலும் இறுகும் வகைகள் வந்தன. பிசினில் கலந்துள்ள கேம்ஃபர்குவினோன், 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி படும்போதுதான் இறுகும் வினையைத் தொடங்கி வைக்கும். பல் டாக்டர் 'லைட் அடிக்கிறார்' என்று நாம் சொல்வது இதைத்தான். ஒளி படும்வரை பொருள் குழைவாகவே இருப்பதால், உடைந்த மூலையை நிதானமாக உருவாக்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் ஒட்டுவது இதைவிடக் கடினமாக இருந்தது. இன்றும் ஓரளவு அப்படித்தான். டென்டினில் கனிமம் எடையில் 70 விழுக்காடு. மீதி கொலாஜன் என்னும் புரத இழைகளும் நீரும். பல்கூழிலிருந்து வெளிநோக்கி ஓடும் நுண்குழாய்களின் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும். டென்டினில் அமிலம் பட்டால் பல்கூழ் கெட்டுவிடும் என்று மேலைநாட்டு மருத்துவர்கள் அஞ்சிய காலத்தில், 1979-ல் தோக்கியோவைச் சேர்ந்த ஃபூசயாமா எனாமலோடு டென்டினையும் சேர்த்து அமிலமிட்டு ஒட்டும் முறையை முன்வைத்தார். 1982-ல் அதே நகரில் நகபயாஷியும் அவருடைய குழுவினரும், அமிலம் கனிமத்தை நீக்கிய பிறகு எஞ்சும் கொலாஜன் இழைகளுக்குள் பிசின் ஊடுருவி இறுகும்போது, பல்லும் அல்லாத பிசினும் அல்லாத ஒரு கலப்பு அடுக்கு உருவாவதைக் காட்டினார்கள். டென்டினில் ஒட்டு நிற்பது அந்த மெல்லிய அடுக்கினால்தான். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமிலத்தைக் கழுவியபின் காற்றடித்து அதிகமாக உலர்த்திவிட்டால், கரையில் எடுத்துப் போட்ட மீன்வலைபோல் அந்த இழைகள் சுருண்டு படிந்துவிடும். பிசின் உள்ளே போக வழியிருக்காது. நீர் தேங்கி நின்றாலும் பிசின் நீர்த்துப்போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரமே வேண்டும் என்பது 1990களின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. அப்படிச் சரியாக ஒட்டினாலும், பிசின் போய்ச் சேராத இழைகளைப் பல்லிலேயே உள்ள நொதிகள் காலப்போக்கில் சிதைக்கின்றன. விளிம்பு முழுவதும் எனாமலில் அமைந்த ஒட்டு நீடித்து உழைப்பதும், டென்டினில் முடியும் ஒட்டு முன்கூட்டியே கசியத் தொடங்குவதும் இதனால்தான். எனாமலைக் காப்பாற்ற வேண்டும் என்று மீண்டும் மீண்டும் சொல்வதற்கு அழகு மட்டும் காரணமன்று. நாளை எதை ஒட்டுவதானாலும் அதற்கு நம்பகமான தளம் எனாமலே.

இந்தச் சிகிச்சையில் ஒரே மருத்துவர், ஒரே பொருள், ஒரே பல் என்றிருந்தும் விளைவு மாறுபடக்கூடும். ஏனெனில் வெற்றி தோல்வி பெரும்பாலும் சில நிமிடங்களின் கவனத்தில் அடங்கியிருக்கிறது. முதல் வேலை நிறத்தைத் தேர்ந்தெடுப்பது. பல் உலர்ந்தால் வெளுத்துத் தெரியும் என்பதால், வாய் ஈரமாக இருக்கும்போதே, முடிந்தால் பகல் வெளிச்சத்தில், நிற அட்டையைப் பல்லருகே வைத்துப் பார்க்க வேண்டும். வேலையின் நடுவில் நிறம் பார்த்தால் அடுத்த நாள் அந்த மூலை மட்டும் வெளுப்பாகத் துருத்தி நிற்கும். பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைப் பொருத்தி, உமிழ்நீரும் மூச்சுக்காற்றின் ஈரமும் படாமல் தனிமைப்படுத்துவார்கள். பஞ்சுருளையும் உறிஞ்சுகுழாயும் வைத்து ஒப்பேற்றுவதும் உண்டு. ஆனால் எந்த வழியில் செய்தாலும் ஈரத்தைத் தடுப்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. உடைந்த ஓரத்தை மெல்லச் சாய்வாக்கிவிட்டு, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் அமிலக் களிம்பை இட்டு, நேரம் பார்த்து, நன்றாகக் கழுவி உலர்த்தும்போது எனாமல் பளபளப்பை இழந்து சுண்ணாம்பு வெண்மையாக மங்கித் தெரிய வேண்டும். அந்த வெண்மையைப் பார்த்த பிறகே அடுத்த வேலை. அந்த இடத்தில் ஒரு துளி உமிழ்நீர் பட்டாலும் நுண்குழிகள் அடைபட்டுவிடும். மீண்டும் சுத்தப்படுத்தி அமிலமிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒட்டும் பசையை மெல்லிசாகப் பூசி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்வரை காற்றூதி, ஒளி காட்டி இறுக்கிய பிறகுதான் காம்போசிட் வைக்கப்படுகிறது.

காம்போசிட்டை ஒரே உருண்டையாக வைத்து ஒளி காட்டுவது தவறு. இறுகும்போது அது கன அளவில் சில விழுக்காடு சுருங்கும். ஒளியும் ஆழமாகப் போகாது. அதனால் வழக்கமான வகைகளை 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும். விளக்கின் முனை பல்லைவிட்டுத் தள்ளியிருந்தால் ஒளியின் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். வெளியில் கெட்டியாகவும் உள்ளே வேகாமலும் நிற்கும் ஒட்டு சில மாதங்களில் கறுக்கும், பெயரும். கைதேர்ந்தவர்கள் உள்ளே டென்டினைப் போல ஒளி ஊடுருவாத வகையையும், மேலே எனாமலைப் போல ஒளி கசியும் வகையையும் வைத்து, கடிக்கும் ஓரத்தில் இயற்கையான நீலச் சாயல்கூடத் தெரியும்படி செய்வார்கள். பக்கத்துப் பல்லின் மேடுபள்ளங்களைப் பார்த்து மேற்பரப்பில் மெல்லிய கோடுகளை அமைத்து, இறுதியில் நிறத்தாளைக் கடிக்கச் செய்து உயரத்தைச் சரிபார்த்து மெருகேற்றுவார்கள். பெரும்பாலும் மரத்துப்போக ஊசிகூடத் தேவைப்படாத இந்த வேலை, ஒரே அமர்வில் முடிந்துவிடும். மெருகேற்றும் நேரத்தைச் சுருக்குவதுதான் அவசரமாக நடக்கும் கிளினிக்குகளில் நான் அதிகம் வருந்தும் குறை. சொரசொரப்பான மேற்பரப்பில் கறை எளிதில் ஏறும். ஈறோரத்தில் படிவு சேர்ந்து ஈறு வீங்கும்.

உடைந்த துண்டு கிடைத்தால் அதைத் தூக்கி எறியக்கூடாது. சுத்தமான நீரிலோ பாலிலோ போட்டுக் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். துண்டு சேதமின்றிப் பொருந்தினால், அதையே அதே பசையால் அதே பல்லில் ஒட்டிவிட முடியும். எந்தக் காம்போசிட்டும் தர முடியாத நிறப் பொருத்தம் அதில் கிடைக்கும். உலர்ந்த துண்டை ஒட்டுவதற்கு முன் 20 நிமிடம் நீரில் ஊற வைத்து ஈரமாக்கிக்கொள்வார்கள். உதடு கிழிந்து, துண்டும் காணாமல் போயிருந்தால், அது உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கக்கூடும் என்பதால் உதட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். மூலையை அழகாகச் சீரமைத்ததோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. அடிபட்ட பல்லின் பல்கூழ் மெல்ல மெல்லச் செத்துப்போக வாய்ப்புண்டு. வலியே இல்லாமல்கூட அது நடக்கும். ஆகவே 6 முதல் 8 வாரத்துக்குள் ஒருமுறையும், ஓராண்டு கழித்து ஒருமுறையும் எக்ஸ்ரேயுடன் சோதிக்க வேண்டும் என்பது பல் விபத்துச் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதல். பல் பார்ப்பதற்கு நன்றாகிவிட்டது என்று பெற்றோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பல்லின் முன்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் ஓடான வெனீரோடு பாண்டிங்கை ஒப்பிடாமல் இந்தப் பேச்சு முடியாது. 1930களில் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் படப்பிடிப்பு நேரத்தில் மட்டும் பற்களின்மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஓடுகளைச் செய்தார். அவற்றை நிலையாகப் பிடித்து வைக்கும் பசை அன்று இல்லை. 1980களில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்துப் பிசினால் ஒட்டும் முறை வந்த பிறகே வெனீர் நிரந்தரச் சிகிச்சையாயிற்று. அதுவும் புவோனகோரின் வழியே. வெனீருக்குப் பளபளப்பு குறையாது, காப்பிக் கறை எளிதில் ஏறாது; நன்றாகச் செய்தால் 10, 15 ஆண்டுகள் நிற்கும். முன்பல்லின் காம்போசிட் ஒட்டு பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். இடையில் மெருகேற்றவும் ஓரத்தைச் செப்பனிடவும் வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் வெனீரே மேல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் வெனீருக்குப் பெரும்பாலும் பல்லின் முன்புறத்தை 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர்வரை சீவ வேண்டும். 20 வயதில் சீவிய பல்லுக்கு வாழ்நாளில் பலமுறை வெனீரை மாற்ற நேரும். ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னும் கொஞ்சம் எனாமல் போகும். பாண்டிங்கின் குறுகிய ஆயுளை ஒரு குறையாக நான் பார்ப்பதில்லை. எனாமலை அப்படியே வைத்துக்கொள்வதற்கு நாம் கொடுக்கும் விலை அது. பத்தாண்டு கழித்து வெனீரோ வேறெதுவோ வேண்டும் என்றால், அப்போது அதற்குரிய பல் அங்கே முழுதாக இருக்கும்.

அதற்காக எல்லாப் பல்லுக்கும் பாண்டிங் போதும் என்று சொல்ல வரவில்லை. பல்லின் பெரும்பகுதி போய்விட்டாலோ, ரூட் கேனால் செய்து உள்ளே வெறுமையாகிவிட்டாலோ, உடைவு ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ வேறு வழிகளைத்தான் தேட வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு, அந்தப் பழக்கத்துக்கு இரவுக் கவசம் போன்ற ஏற்பாடு செய்யாமல் முன்பல் ஓரத்தில் காம்போசிட் வைப்பது வீண். மேல், கீழ் முன்பற்கள் ஓரத்தோடு ஓரம் மோதும் கடி அமைப்பிலும் இதே நிலைதான்.

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு இன்னொரு முக்கியமான தேவை இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால், பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும், முற்றிய நிலையில் குழிகளும் கொண்ட ஃபுளோரோசிஸ் பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதே விரும்பத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் அனுராதபுரம் உள்ளிட்ட வடமத்திய மாகாணத்திலும் இதே சிக்கல் உண்டு. எனாமல் ஈறுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில், ஏறத்தாழ 8 வயதுவரை குடித்த நீரே கறையைத் தீர்மானிக்கிறது என்பதால், பிறகு நல்ல நீர் கிடைத்தாலும் வந்த கறை போவதில்லை. மங்கலான திட்டுகளுக்கு மேற்பரப்பை மிக மெல்லிசாகத் தேய்ப்பதே போதும். குழி விழுந்த பற்களுக்குக் காம்போசிட் ஒட்டே கைகொடுக்கும். ஃபுளோரைடு மிகுந்த எனாமலின் மேலடுக்கு அமிலத்தை எதிர்த்து நிற்பதால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் அமிலமிட வேண்டும். இதை அறியாமல் செய்த ஒட்டு எளிதில் பெயர்ந்துவிடும். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசும் பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சையை ஆடம்பரம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் இது எளிதாகக் கிடைக்கும்படி செய்வது பொதுச் சுகாதாரத்தின் கடமை.

கரித்தூள், செங்கல் தூள், சாம்பல் ஆகியவற்றாலோ கடினமான பிரஷ்ஷாலோ பல்லாண்டுகள் குறுக்காகத் தேய்த்தவர்களுக்கு ஈறோரத்தில் வெட்டுப்போல் பள்ளம் விழுந்து கூச்சம் எடுக்கும். அதையும் காம்போசிட்டால் அடைக்கலாம். ஆனால் அந்தப் பள்ளத்தின் கீழ்விளிம்பு எனாமல் இல்லாத இடத்தில் அமைவதால் ஒட்டு அங்கே பலவீனமானது. தேய்க்கும் முறையை மாற்றாதவருக்கு அடைப்பு மீண்டும் மீண்டும் விழும்.

பற்களை வெளுக்கச் செய்யும் எண்ணம் உள்ளவர்கள் அதை முதலில் முடித்துவிட்டு, இரண்டு வாரம் பொறுத்து ஒட்டுக்கு வர வேண்டும். வெளுப்பான் எனாமலில் விட்டுச்செல்லும் ஆக்சிஜன் பிசின் இறுகுவதைத் தடுக்கும் என்பது ஒரு காரணம். காம்போசிட் வெளுக்காது என்பது இன்னொன்று. ஒட்டிய முதல் இரண்டு நாட்களாவது காப்பி, தேநீர், மஞ்சள் தூக்கலான குழம்பு ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. வெற்றிலை பாக்கும் புகையும் எக்காலத்திலும் ஒட்டின் நிறத்தைக் கெடுக்கும். கரும்பைக் கடித்து உரிப்பது, சீடையை முன்பல்லால் உடைப்பது, நூலை அறுப்பது, பாட்டில் மூடியைத் திறப்பது ஆகியவற்றை அந்தப் பல்லில் அறவே விட்டுவிட வேண்டும்.

ஓரம் சற்றே தட்டிப்போனாலோ கறை கோடிட்டாலோ, முழு ஒட்டையும் பெயர்த்தெடுக்கத் தேவையில்லை. பழைய காம்போசிட்டின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, சிலேனும் பசையும் பூசி, அதன்மேல் புதிய அடுக்கைச் சேர்க்க முடியும். உடைந்த பீங்கானில் இவ்வளவு எளிதாக இதைச் செய்ய இயலாது. இந்தச் செப்பனிடும் வேலை வேறொரு மருத்துவரிடம் நடக்கக்கூடும் என்பதால், எந்த நிற எண், எந்த வகைக் காம்போசிட், எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்பதைச் சிகிச்சைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, எக்ஸ்ரே படத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.